மே மாதம் நீங்கலாக

ஜனவரி 8, திங்கள்

வீட்டு ஓனர் சௌந்தரபாண்டியன் வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஓடு, சுவர், வேப்பமரம், என் வேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வேனையும் சேர்த்து விலை பேசிவிடுவாரோ என்று எனக்குச் சந்தேகம்.

“சித்திரையோட ஒத்தி முடியுதுல்லம்மா. வீட்டக் குடுத்துறலாம்னு இருக்கேன்” என்றார்.

“யாருக்குண்ணே?”

“வாங்குறவய்ங்களுக்கு.”

ஒத்தி என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் புது பிரின்சிபால் மேடம் ஒருமுறை கேட்டார். அவர் சென்னைக்காரர். மொத்தமாக ஐந்து லட்சத்தைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்போம் மேடம், காலி செய்யும்போது பணம் திரும்ப வரும் என்றேன். “வராவிட்டால்?” என்றார். மதுரையில் யாரும் கேட்காத கேள்வி. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

இந்த வீட்டில் அப்படி ஒன்றும் அழகில்லை. மழை பெய்தால் அடுப்படியில் சட்டி வைக்க வேண்டும். ஆனால் கேட்டுக்குள் வேன் நிற்கும். முன்பு இருந்த தெருவில் வேனை ரோட்டில் விட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கண்ணாடியை உடைத்தார்கள், டயரில் காற்றைப் பிடுங்கினார்கள், ஒருவன் சீட்டையே கிழித்தான். காலையில் பிள்ளைகள் ரோட்டில் நிற்க, நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பேன். இந்த வீடு போனால் வேன் போகும், வேன் போனால் சோறு போகும்.

“நானே வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் முந்திக்கொண்டது.

அவர் சிரித்தார். “இருவத்துநாலு லட்சம் ஜெயக்கொடி.”

“தாரேன்.”

“எப்பிடித் தருவ?”

“அது எம்பாடு.”

ஜனவரி 9

வேனுக்கு வைப்பர் மாற்றினேன். இருபத்துநாலு லட்சத்துக்கு எத்தனை சைபர் என்று மோனிஷா சிரிக்காமல் கேட்டாள். பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறவள் கேட்கிற கேள்வியா இது? பெற்ற மகள் என்பதால் தப்பித்தாள்.

ஜனவரி 12, வெள்ளி

பேங்குக்குப் போனேன். லோன் பிரிவில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். மரியாதையாகவே இல்லை இல்லை என்று சொல்ல அவர்களுக்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பார்கள் போல.

“பே ஸ்லிப் இருக்கா மேடம்?”

“ஸ்கூல் வேன் ஓட்டுறேன் சார். பிள்ளைகளோட அப்பா அம்மாதான் எனக்கு முதலாளி.”

அக்கவுண்ட் தாளைப் புரட்டினான். “மே மாசம் ஒண்ணுமே வரவு இல்லையே?”

“மே மாசம் ஸ்கூல் இல்ல சார்.”

“எல்லா வருஷமுமா?”

“வெள்ளைக்காரன் காலத்துல இருந்து.”

பக்கத்து மேஜையில் ஒருத்தி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. தவணை என்றால் பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டுமாம், கம்ப்யூட்டரில் பதினொன்று என்று போட இடமே கிடையாதாம். பிறகு கணவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றான். அவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார், லீவு கிடைக்காது என்றேன்.

“ஒரு நாள் வந்தாப் போதும் மேடம்.”

“ஒரு நாள் கூடக் கிடைக்காது சார்.”

வீட்டின் தாய்ப்பத்திரம், வாரிசுச் சான்று எல்லாம் வாங்கி வரச் சொன்னான். வாங்கி வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

ஊரெல்லாம் மாட்டைக் குளிப்பாட்டினார்கள். நான் வேனைக் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். எனக்குப் பால் கறப்பது அதுதான்.

பெரிய அண்ணன் போன் செய்தான். பொங்கல் சீர் கொண்டுவர நேரமில்லையாம், ஜிபேயில் ஐநூறு போட்டிருக்கிறானாம். உசிலம்பட்டியில் எங்கள் அப்பா வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி நிற்கிறது. கீழே இரண்டு கடை. ஐநூறைத் திருப்பி அனுப்பினேன். “ஏன், நெட்வொர்க் பிரச்சனையா?” என்று கேட்கிறான்.

ஜனவரி 22, திங்கள்

சௌந்தரபாண்டியன் ஜெராக்ஸ்களைக் கொண்டுவந்து கொடுத்தார். வீடு அவர் பெயரில் இல்லை, இறந்துபோன அவருடைய அப்பா பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்றில் இரண்டு பெயர்.

“குணவதிங்கிறது யாருண்ணே?”

“தங்கச்சி. வாடிப்பட்டியில கட்டிக் குடுத்திருக்கு.”

“அப்ப அவுகளும்ல கையெழுத்துப் போடணும்?”

“போடும், போடும். ஒரு பட்டுச்சேல எடுத்துக் குடுத்து, நல்ல ஓட்டல்ல ஒரு நேரம் சாப்பாடு வாங்கிக் குடுத்தா சொன்ன எடத்துல போட்டுட்டுப் போகுது. பொம்பளப்பிள்ளைக்கு என்னத்தத் தெரியும்?”

சொல்லிவிட்டு என்னையே பார்த்துச் சிரித்தார், நானும் ஒரு பொம்பளப்பிள்ளை என்பது மறந்துபோய். டீக் கிளாஸை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். இன்னும் பாதி இருந்தது.

எனக்கு வந்த சேலை அரக்கு நிறம். அதைப் பற்றி இந்த டைரியில் எழுதப்போவதில்லை.

ஜனவரி 29, திங்கள்

பேங்க் இல்லை என்று சொல்லிவிட்டது. பழைய வீட்டுக்குப் பிளான் அப்ரூவல் இல்லை, எனக்குப் பே ஸ்லிப் இல்லை, பக்கத்தில் கணவர் இல்லை, மே மாதத்தில் வருமானம் இல்லை. இவ்வளவு இல்லைகளை ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

நேராக அண்ணாநகரில் சௌந்தரபாண்டியன் குடியிருக்கும் வாடகை வீட்டுக்குப் போனேன். அவர் வாங்கியிருக்கும் புது ஃபிளாட் இன்னும் முடியவில்லை. என் ஒத்திப் பணம் ஐந்து லட்சம் அதற்குள்தான் எங்கேயோ டைல்ஸாகக் கிடக்கிறது. நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: ஒத்திப் பணத்தை அட்வான்ஸாக வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் கொஞ்சம் மொத்தமாகப் புரட்டித் தருகிறேன், மீதியை மாதாமாதம் உங்களுக்கே கட்டுகிறேன், பேங்குக்குக் கொடுக்கிற வட்டியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

“நான் என்ன பைனான்ஸ் கம்பெனியா வச்சிருக்கேன்?” என்று சிரித்தார். மனைவியையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

“முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்கண்ணே. சிரிக்காதீங்க” என்றேன்.

முடியாது என்றார். அதுவே மேல்.

பிப்ரவரி 3, சனி

புரோக்கர் சுருளிராஜன் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த ஆள் என்னைக் கேட்காமலே டேப்பை எடுத்து வேப்பமரத்திலிருந்து அளக்க ஆரம்பித்தார். வேனை ஸ்டார்ட் செய்து ரிவர்ஸில் எடுத்தேன். டேப் சுருண்டு ஓடியது, ஆளும் ஓடினார்.

“யக்கா, பாத்து!” என்றான் சுருளி.

“பாத்துத்தாண்டா எடுக்குறேன். சித்திரை வரைக்கும் இது என் ஒத்தி வீடு. அதுக்குப் பெறகு என் அஞ்சு லட்சத்த யார் குடுக்குறதுன்னு சார்கிட்டச் சொல்லிட்டியா?”

சார் சுருளியைப் பார்த்தார். சுருளி வேப்பமரத்தைப் பார்த்தான்.

பிப்ரவரி 5, திங்கள்

ஒத்திப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பத்திர எழுத்தர் காதர் பாயிடம் போனேன். கண்ணாடியைப் போட்டு முன்னும் பின்னும் பார்த்தார்.

“நாலு மூலையிலயும் மஞ்ச நல்லாத்தான் தடவியிருக்கீங்க. பதிவு பண்ணலையேம்மா?”

பண்ணவில்லை. பத்திரத்தைச் சாமி முன்னால் வைத்துச் சூடம் காட்டினோம். அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட மனிதரைப் பதிவு ஆபீசுக்குக் கூப்பிட்டால் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகும் என்று நினைத்தேன். செலவு மிச்சம் என்றும் நினைத்தேன். போதாததற்கு, அதில் அண்ணன் மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வீட்டில் பாதி தங்கச்சிக்கு.

“அந்தம்மாவும் சேந்து வேற ஆளுக்கு எழுதிக் குடுத்துட்டாங்கன்னா, ஒங்க அஞ்சு லட்சத்துக்குக் கோர்ட்டு கோர்ட்டா அலையணும்” என்றார் பாய். “சாவி அந்த அண்ணன்கிட்ட இல்லம்மா, அந்தத் தங்கச்சிகிட்ட இருக்கு.”

பயம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதிவைக்கிறேன். சாயங்கால டிரிப்பில் வழக்கமாக இறக்கிவிடும் ஒரு பிள்ளையைத் தாண்டிப்போய்த் திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

வாடிப்பட்டிக்குப் போனேன். குணவதி அக்காவுக்கு அறுபது தாண்டியிருக்கும். சத்துணவு அமைப்பாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். மகன் வீட்டில் இருக்கிறார். ஹாலில் மருமகள் டிவியைச் சத்தமாக வைத்திருந்தாள், அதனால் பின்வாசலில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேசினோம்.

“மதுரை வீடா? அண்ணன் சொல்லுச்சு. பதினஞ்சு லட்சத்துக்குக் கேக்குறாகளாம்” என்றார்.

“இருவத்துநாலு லட்சம்க்கா. எங்கிட்டயே இருவத்துநாலுதான் சொன்னாரு.”

அக்கா எழுந்தார். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை மடித்தார். நான் அவசரப்பட்டுவிட்டேன். அரைப் பங்கு உங்களுடையது, என்னிடம் விற்றால் மாதாமாதம் தருகிறேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

“அண்ணன் தங்கச்சிக்குள்ள நீ எதுக்குத்தா வர்ற?” என்றார். “எனக்குன்னு அந்த ஒரு வாசல்தான் இருக்கு. கெளம்பு, பஸ் இருக்கு.”

வேனில்தான் வந்திருந்தேன். அதைக்கூடச் சொல்லாமல் கிளம்பினேன்.

பிப்ரவரி 12

இன்று யார் யார் மேலேயோ ஹாரன் அடித்தேன்.

பிப்ரவரி 19, திங்கள்

சாயங்காலம் வந்து பார்த்தால் வீட்டில் கரண்ட் இல்லை. தெருவில் எல்லார் வீட்டிலும் இருந்தது. மீட்டர் பெட்டியைத் திறந்தால் பீஸ் கட்டையைக் காணோம். சௌந்தரபாண்டியன் மத்தியானம் வந்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வக்கில்லை, பீஸ் கட்டையைப் பிடுங்க மட்டும் அண்ணாநகரிலிருந்து பஸ் ஏறி வருகிறார் பெரிய மனுஷன். கடைக்குப் போய்ப் புதுக் கட்டை வாங்கி மாட்டினேன். கூடுதலாக இன்னொன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். வரட்டும்.

சாப்பிடும்போது மோனிஷா மெதுவாக ஆரம்பித்தாள். “அப்பாட்ட ஒரு தடவ கேட்டுப் பாக்கலாமாம்மா?”

“அவருக்கு அங்க செலவு இருக்கும்டி” என்றேன்.

அந்த வீட்டில் அவருக்கு இரண்டு பேர் பள்ளிக்கூடம் போகிறார்களே. மூத்தது மூன்றாம் வகுப்பு. எந்த வேனில் போகிறதோ.

பிப்ரவரி 25, ஞாயிறு

துணி ஊறவைத்துக்கொண்டிருந்தபோது புது நம்பரிலிருந்து போன். குணவதி அக்கா.

“சேல வந்துருச்சுத்தா” என்றார், எடுத்த எடுப்பில்.

“என்ன கலருக்கா?”

“மாம்பழக் கலர். ஊதா பார்டர். நல்லாத்தான் இருக்கு.”

“கையெழுத்துப் போட்டீங்களா?”

“புதன்கெழம போடச் சொல்லியிருக்கு. யாரோ மொத்தமா காசு வச்சிருக்காகளாம். வெல என்னண்ணேன்னு கேட்டேன். ஒனக்கெதுக்கு அதெல்லாம், அண்ணன் பாத்துக்க மாட்டனான்னு சொல்லுச்சு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒன்னைய ஒண்ணு கேக்கணும். நீ அன்னைக்கி வந்து அம்புட்டு வேகமாப் பேசுனியே, ஒனக்கு இப்பிடி எதும் நடந்துச்சா?”

எழுதப்போவதில்லை என்று சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். அப்பா இறந்த வருஷம், அண்ணன்கள் இரண்டு பேரும் என்னைப் பதிவு ஆபீசுக்குக் கூட்டிப்போய், வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அரக்குப் பட்டு, ஓட்டலில் சாப்பாடு. அண்ணி எனக்குப் பூ வாங்கி வைத்துவிட்டாள். சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தேன். அதற்கு இரண்டாம் மாதம் மோனிஷாவின் அப்பா திருப்பூரிலிருந்து வருவதை நிறுத்தினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். “எத்தன நாளைக்கி இருப்ப?” என்று அதே அண்ணி கேட்டாள்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். துணிச்சோப்புக் கையோடு நின்று அழுதேன். அழுதது பழைய துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அந்தச் சேலையை நான் ஒருநாள்கூடக் கட்டவில்லை, வெட்டி வேன் சீட்டுக்கு உறை தைத்தேன் என்றும் சொன்னேன்.

அக்கா சிரித்துவிட்டார். “பட்டுலயா? வழுக்குமேடி!”

“வழுக்குச்சுக்கா. எடுத்துட்டேன்.”

மார்ச் 3, ஞாயிறு

அக்கா புதன்கிழமை கையெழுத்துப் போடப் போகவில்லையாம். கால்வலி என்று சொல்லிவிட்டாராம். இன்று அதே காலோடு பஸ் ஏறித் தனியாக இங்கே வந்தார். பிறந்து வளர்ந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கண் கலங்குவார் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் சாக்கடை எந்தப் பக்கம் போகிறது, வீட்டுவரி யார் கட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு சப்பணம் போட்டு உட்கார்ந்து கணக்குப் பேசினார். இருபத்துநாலில் பாதி அண்ணனுக்கு, பாதி அக்காவுக்கு. அண்ணன் பங்கில் என் ஒத்திப் பணம் ஐந்து லட்சம் கழியும், மீதி ஏழு லட்சத்தை நான் மொத்தமாகக் கொடுக்க வேண்டும். அக்காவின் பங்கு முழுவதும் தவணை. வட்டியோடு சேர்த்து மாதம் பன்னிரண்டாயிரம், பத்து வருஷம்.

“மொத்தமா வேணாமாக்கா?” என்று நானே கேட்டேன், கேட்கக் கூடாததை.

“மொத்தமா குடுத்தா அது எம்மகன் வீட்டு வாசல்ல காரா நிக்கும். மாசாமாசம் வந்தா எங்கையில நிக்கும். எனக்கு வர்ற பென்சன் மாத்திரைக்கே பத்தல. மருமககிட்டக் கையேந்திக்கிட்டிருக்கேன். போஸ்ட் ஆபீசுல எம்பேருல தனியா கணக்குத் தொறந்துட்டேன், அவனுக்குத் தெரியாது. எனக்கு வேண்டியது ஒண்ணாந்தேதி.”

“நான் கட்ட முடியாமப் போச்சுன்னா?”

“அதுக்குத்தான் காதர் பாய்கிட்டப் போறோம்.”

நான் போனில் சொன்ன பாயையும் இவர் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருக்கிறார்! கிரையம் முடிந்த கையோடு, பாக்கிப் பணத்துக்காக வீட்டை நான் அக்கா பெயருக்கே அடமானம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கட்டி முடித்தால் ரத்து. முடிக்காவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். சரி என்றேன்.

“ஒண்ணே ஒண்ணுக்கா. மே மாசம் தர முடியாது. ஸ்கூல் லீவு.”

பேங்க் பையனின் முகம் ஞாபகம் வந்து, பதிலுக்குத் தயாராக நின்றேன்.

“தெரியும்த்தா” என்றார் சாதாரணமாக. “மே மாசம் சத்துணவு அடுப்பும்தான் எரியாது. முப்பது வருசம் அந்த மாசத்த ஓட்டுனவ நான். பதினோரு மாசம்னே எழுதச் சொல்லு. ஆனா வேன் அப்பச் சும்மாதான நிக்கும்? வருசத்துக்கு ஒருக்கா என்னைய ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போகணும். டீசல் ஒன்னோடது.”

மார்ச் 10, ஞாயிறு

எதிர்பார்த்ததுதான். சௌந்தரபாண்டியன் தெருவில் நின்று கத்தினார். அவருடைய தங்கச்சிக்கு நான் மருந்து வைத்துவிட்டேனாம்.

“மருந்து வைக்கலண்ணே. வெலயச் சொன்னேன்” என்றேன்.

தெருவில் பாதிப்பேர் வாசலில் நின்றார்கள். வேறொரு நாளாக இருந்தால் கூசியிருப்பேன். இன்று கூசவில்லை, நன்றாகக் கேட்கட்டும் என்று கேட்டைத் திறந்து வைத்தேன். சுருளியின் ஆள் இருபத்தாறு தருகிறானாம், முழுவதும் ரொக்கமாம். தரட்டும், தங்கச்சி கையெழுத்து இல்லாமல் யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். இந்த மாதக் கடைசிக்குள் ஃபிளாட்டுக்குப் பணம் கட்டாவிட்டால் அவர் கட்டிய அட்வான்ஸ் போய்விடும். அது அக்கா சொல்லி எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

போகும்போது, “ஏழு லட்சம். டிடியா எடுத்துட்டு வா. ஒரு ரூவா கொறைஞ்சாலும் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார்.

மார்ச் 13, புதன்

கட்டிவந்த ஏலச்சீட்டை எடுத்தேன். மிச்சத்துக்கு நகைக்கடன். மோனிஷா தோட்டைக் கழற்றித் தந்தாள், வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் நான் இல்லை. பத்திரச் செலவுக்குப் பிள்ளைகளின் வீடுகளில் மார்ச், ஏப்ரல் பணத்தை முன்கூட்டியே கேட்டேன். பாதிப்பேர் கொடுத்தார்கள், மீதிப்பேர் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினார்கள்.

நகைக்கடன் கவுண்டரில் என் சங்கிலியை எடை போடும்போது அந்தப் பெண் தயங்கினாள். “தாலி கோத்திருக்கும்மா. அத மட்டும் எடுத்துக்கங்க.”

“அதும் எடையில சேருமா?”

“சேரும். தங்கம்தான.”

“அப்ப இருக்கட்டும்” என்றேன்.

மார்ச் 15, வெள்ளி

காதர் பாய் நகலை வாசித்துக் காட்டினார். ‘மே மாதம் நீங்கலாக, பிரதி ஆங்கில மாதம் முதல் தேதிக்குள்’ என்று வந்த இடத்தில் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். கம்ப்யூட்டரில் இடமில்லை என்றார்களே, காதர் பாயின் தாளில் இடம் இருந்தது. ராமேஸ்வரத்தை மட்டும் பத்திரத்தில் எழுத முடியாது என்றார். அக்கா கொஞ்சம் வாதாடிப் பார்த்தார்.

“கணவர் பேரும்மா?”

“அப்பா பேரப் போடுங்க பாய். பெரியகருப்பன் மகள் ஜெயக்கொடி.”

பாய் நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். அப்பாவின் பெயரை அண்ணன்கள் விடுதலைப் பத்திரத்தில் எழுதி வாங்கவில்லை. மறந்துவிட்டார்கள் போல.

மார்ச் 20, புதன்

காலை டிரிப்பை முடித்துவிட்டு நேராகப் பதிவு ஆபீஸ். மோனிஷா காலேஜுக்குப் போகாமல் கூட வந்தாள். எங்கள் டோக்கன் கூப்பிட நேரமிருந்தது. மாடிப்படியில் சௌந்தரபாண்டியன் தங்கச்சியைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் நின்றார். பின்னால் சுருளி. கேட்டுக்கு வெளியே அந்த டேப் ஆள் பையோடு நின்றதை நான் பார்த்துவிட்டேன். டிடி என் கையில், தாலியும் தோடும் பேங்கில், ஒத்திப் பத்திரத்தில் மஞ்சள் மட்டும். அக்கா அந்தப் பக்கம் ஒரு தடவை தலையை ஆட்டினால் நான் நடுத்தெருவில்தான்.

அக்கா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “ஏத்தா, எல்லாரும் ஒண்ணு சொல்றாக. பத்து வருசம் நீ கட்டுவ சரி. அத வாங்க நான் இருப்பேனான்னு கேக்குறாக.”

“இருங்கக்கா” என்றேன். “நான் கட்டணும்ல.”

சௌந்தரபாண்டியனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இத்தனை பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. “ஏ குணவதி! கூடப்பெறந்தவன விட்டுட்டு எவளோ வேன் ஓட்டுறவளுக்காக நிக்கிறியா? இதுல மட்டும் நீ கையெழுத்துப் போட்ட, இனிமே பெறந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!”

படியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அண்ணனை மேலும் கீழும் பார்த்தார்.

“எந்த வாசப்படிண்ணே?” என்றார். “அதத்தான இப்ப விக்க வந்திருக்கோம்.”

முதலில் காதர் பாய்தான் சிரித்தார். பிறகு படி முழுக்கச் சிரிப்பு. சுருளிகூட வாயைப் பொத்திக்கொண்டான். அதற்குள் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

அக்கா முதலில் போட்டார். முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். டிடியைக் கண்ணால் பார்த்தபிறகு அண்ணனும் போட்டார். அதன் பிறகு அடமானப் பத்திரத்தில் நான் போட்டேன்.

சாயங்காலம் அக்காவைப் பஸ் ஏற்றிவிட நேரமில்லை, அதனால் வேனிலேயே உட்காரவைத்துப் பிள்ளைகளை ஒவ்வொரு வீடாக இறக்கிக்கொண்டு வந்தேன். எல்லாரும் இறங்கியபிறகு பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பவில்லை.

“எங்கத்தா போற?” என்றார்.

“என் வீட்டுக்கு.”

கேட்டைத் திறந்து வேனை உள்ளே விட்டேன். அக்கா இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அண்ணன் சொன்ன வார்த்தை அப்போதுதான் அவருக்கு வலித்தது போல, முகம் ஒரு மாதிரி ஆனது.

“வாசப்படி இப்ப என்னோடதுக்கா” என்றேன். “நீங்க மிதிங்க.”

மிதித்தார். நன்றாக அழுத்தி மிதித்தார்.